பனிக்குப் பருத்தி உதவாது, அக்கா

‘பருத்திதான் உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சை யாழ்ப்பாணத்தில் யாரும் மறுப்பதில்லை. மறுக்கவேண்டிய தேவையும் இங்கே இல்லை. சித்திரை வெயிலில் கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வெளிக்கிட்டுப் பெரியகடைக்குப் போய்வருகிற ஒருவருக்குப் பருத்திச் சேட்டைவிட உகந்த உடுப்புக் கிடையாது. வியர்வையைக் குடிக்கும், காற்றில் அதை மெல்ல மெல்ல விடும், விடும்போது உடம்பின் சூட்டையும் கூடவே கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்த விதமாகத்தான். எனக்கு உறுத்துவது வேறொன்று. வெயில் நாட்டுக்குச் சரியான இந்தப் பேச்சை அப்படியே மடித்து, கனடாவுக்குப் போகிற பிள்ளைகளின் பெட்டிக்குள்ளும் வைத்துவிடுகிறோம். அடியில் ஒரு கட்டுப் பருத்திப் பெனியன், அதற்கு மேலே நுவரெலியாவில் வாங்கின மொத்த ஜக்கற், ஓரத்தில் ஒரு மப்ளர். ‘குளிருக்குள்ள போற பிள்ளை, மொத்தமாப் போடட்டும்’ என்று தாய் சொல்லுவார். அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இந்த முறை அந்தப் பெட்டி எங்கள் வீட்டு விறாந்தையிலேயே விரிந்தது. அக்காவின் மகன் ஒன்ராறியோவின் வடக்கே இருக்கிற சட்பரிக்குப் படிக்கப் போகிறான். நான் அந்த ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைசெய்து, குளிர்காலம் தோறும் பனிமேல் ஓடுகிற மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் ஓடித் திரிந்துவிட்டு, அம்மாவைப் பார்ப்பதற்காக ஊர் திரும்பியவள். அதனால் உடுப்புப் பற்றிய கேள்வியெல்லாம் என்னிடம் வந்தது. “சின்னம்மா, எனக்கு முன்னம் போன பெடியள் மாசியில என்னையும் ஸ்கிடூ, அதுதான் ஸ்னோமொபைல், ஓடக் கூட்டிக்கொண்டு போறாங்களாம். இந்த ஜக்கற் காணுந்தானே?” என்று கேட்டான். நான் வாய் திறக்க முன்னமே அக்கா சொல்லிவிட்டார்: “காணாமல் என்ன? உள்ளுக்கு ரெண்டு பெனியன் போட்டால் காணும்.”

அந்த ரெண்டு பெனியன் அன்றிரவு என்னை நித்திரைகொள்ள விடவில்லை. அக்கா அவற்றைக் கடை கடையாகத் தேடி, துணியை விரலால் தடவிப் பார்த்து வாங்கியவர். மகன் போகப்போவது தான் கண்ணால் காணாத ஒரு குளிருக்குள். அங்கே அவனுக்கு என்ன நடந்தாலும் அவரால் எட்டிப் பிடிக்க முடியாது. இப்போது கையில் இருக்கிற ஒரே காரியம் இந்தப் பெட்டிதான். அதற்குள் கையை விட்டு ‘இது சரிவராது, எடுங்கோ’ என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடுவதற்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் ஸ்னோமொபைலில் அந்த உடுப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கூடு போன வண்டி

கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்கு வருத்தம் கடுமையானது. பனி மூடின தெருவால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் 1937இல் பல்சக்கரம் சுழற்றுகிற பட்டி வண்டியைப் பனிமேல் தள்ளிக்கொண்டு போகிற தன்னுடைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்து விற்றவை கூரையும் சுவரும் உள்ள பெரிய வண்டிகள். வைத்தியரும் தபாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதற்குள் குந்திக்கொண்டு போனார்கள். 1959இல் அவருடைய ஸ்கிடூ வந்தபோதுதான் ஒருவர் இருவர் ஏறுகிற, திறந்த, சின்ன வண்டி பரவியது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாற்றம். வண்டியில் இருந்து கூடு போய்விட்டது. கூடு செய்த வேலையை அன்றிலிருந்து ஓடுகிறவருடைய உடுப்புச் செய்யவேண்டியதாயிற்று. இதை விளங்கிக்கொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

சட்பரியில் தை மாதத்து இரவு சராசரியாக -18 பாகைக்குப் போகும். குளிர் கூடின ஒரு பகலில் -15 என்று வையுங்கள். நடந்து போகிறவருக்கு அது தாங்கக்கூடிய குளிர்தான். ஒன்ராறியோவின் ஸ்னோமொபைல் பாதைகளில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். -15இல் அந்த வேகத்தில் காற்று அடித்தால் மூடாத தோலுக்கு அது -29 மாதிரி. -20 என்றால் -35. இந்தக் கணக்கைக் கனடாவும் அமெரிக்காவும் 2001இல் புதிதாக ஏற்றுக்கொண்டன. ரொறன்ரோவில் காற்றுச் சுரங்கம் ஒன்றுக்குள் ஆட்களை முகத்தை மூடாமல் நடக்கவிட்டு, தோல் எவ்வளவு கெதியாகச் சூட்டை இழக்கிறது என்று அளந்து சரிபார்த்த கணக்கு அது. -28இல் இருந்து -39 வரையான அந்த நிலையில் மூடாத தோல் பத்து நிமிடத்தில் இருந்து முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாவின் சுற்றாடல் திணைக்களம் எச்சரிக்கிறது. இவ்வளவும் காற்று அசையாத நாளுக்கான கணக்கு. எதிர்க்காற்று இருந்தால் அதையும் வேகத்தோடு கூட்டவேண்டும்.

அதனால் வெளிச்சட்டையின் முதல் வேலை காற்றை மறிப்பது. மொத்தம் இரண்டாவது. நுவரெலியாவில் வாங்கின ஜக்கற்றுக்கு நான் குறை சொல்லமாட்டேன். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சின நல்ல சாமான்கள் அங்கே கிடைக்கும், பஸ் தரிப்பில் நிற்பதற்கும் வகுப்புக்குப் போய்வருவதற்கும் அது காணும். ஆனால் அது இடுப்போடு முடிகிறது. வண்டியில் முன்னுக்குச் சாய்ந்து இருக்கும்போது முதுகுப் பக்கம் மேலே இழுபட்டு, காற்சட்டைக்கும் ஜக்கற்றுக்கும் நடுவே ஒரு நீக்கல் விழும். அந்த நீக்கலுக்குள் -29 புகுந்தால் மேலே எவ்வளவு மொத்தம் இருந்தும் பலனில்லை. தோள்பட்டி வைத்து நெஞ்சுவரை ஏறுகிற காற்சட்டை அங்கே விற்பது இதற்காகத்தான். மணிக்கட்டும் கழுத்தும் இப்படியான மற்ற வாசல்கள்.

வியர்வை எங்கே இருந்து வருகிறது

இங்கே உள்ளவர்களுக்கு நம்பக் கடினமான பகுதி இதுதான்: அந்தக் குளிரில் வியர்க்கும். பாதையில் நேரே ஓடும்வரை வியர்க்காது. ஆனால் வண்டி பாதையை விட்டு விலகி இளகின பனிக்குள் இறங்கினால் வயிறுவரை புதையும். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட சாமானை நாலு பேர் சேர்ந்து கிண்டி, இழுத்து, திருப்பி எடுக்கவேண்டும். ஒருமுறை எங்களோடு வந்த ஒரு பெடியனுக்கு அப்படி நடந்தது. முக்கால் மணித்தியாலம் மூச்சிரைக்கக் கிண்டினோம். எல்லாருக்கும் வியர்த்தது. அவன் உள்ளுக்குப் போட்டிருந்தது பருத்தி ரீசேட். திரும்ப ஏறி ஓடத் தொடங்கினோம். அடுத்த குளிர்காய்கிற குடிலில் இறங்கியபோது அவனால் ஹெல்மெற் பட்டியை அவிழ்க்க முடியவில்லை. கதைத்தபோது சொற்கள் குழறின. உடம்பின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்குகிறபோது வருகிற அடையாளங்கள் இவை. வேலையிடத்தில் எங்களுக்குப் பழக்கித் தந்திருந்தபடியால் எனக்கு உடனே விளங்கியது. ரீசேட்டைக் கழற்றிப் பிழிந்தோம், தண்ணீர் ஒழுகியது. அவனுடைய ஜக்கற் எங்கள் எல்லாருடையதையும்விட விலை கூடியது. பிழை ஜக்கற்றில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு லீற்றர் வியர்வை தோலில் இருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கோப்பாய்த் தோட்டத்தில் அது வரம். பனிக்காட்டில் அந்தச் சூட்டை இழக்க யாருக்கும் வசதியில்லை. ஆவியாகாமல் துணியில் நிற்கிற தண்ணீரோ, அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு கெதியாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி நூல் ஈரத்தை விரும்பிப் பிடித்து வைக்கிற நூல். நனைந்தால் அதன் இடைவெளிகளில் இருந்த காற்றுப் போய்த் தண்ணீர் நிரம்பிவிடும். பொலியெஸ்டர் நூல் தன் எடையில் அரை வீதம் ஈரத்தைக்கூட உள்ளே எடுக்காது, ஆகவே வியர்வை அதன் மேற்பரப்பால் வெளியே நகர்ந்துபோகும். கம்பளி ஈரத்தை எடுக்கும், ஆனால் நாரின் உள்ளே வைத்துக்கொள்ளும். சுருள் சுருளான நார் தோலோடு ஒட்டாமல் காற்றையும் பிடித்து வைத்திருக்கும். அதனால் நனைந்த கம்பளியிலும் கொஞ்சம் சூடு மிஞ்சும்.

இவ்வளவையும் நான் அக்காவுக்கு விறாந்தையில் இருந்து சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இந்த நைலோன் சாமானைப் பிள்ளையின்ர உடம்பில போட நான் விடன். தோல் மூச்சு விடவேணும்” என்றார். பெனியன் கட்டு திரும்பப் பெட்டிக்குள் போனது.

பண்ணை வீதியில்

பயணம் சொல்வதற்காக வேலணையில் பெரியப்பா வீட்டுக்குப் போகவேண்டி இருந்தது. கார்த்திகை மாதம். போகும்போது வானம் வெளித்திருந்தது, திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளை அவன் ஓடினான், நான் மழைக்கோட்டுப் போட்டுப் பின்னால் இருந்தேன். அவனிடம் மழைக்கோட்டு இல்லை, பருத்திச் சேட்டும் உள்ளே பெனியனும்தான். மண்டைதீவுச் சந்திக்கு வர மழை விட்டுவிட்டது. பிறகு பண்ணைக் கடலின் நடுவே அந்த நேர் வீதி. இரண்டு பக்கமும் மறைப்பில்லை, வாடை குறுக்காலே அடித்தது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கார்த்திகை மாலையும் அப்படியொன்றும் குளிராது, 25 பாகைக்குக் கிட்ட இருந்திருக்கும். ஆனால் கோட்டை கண்ணில் படுகிற தூரத்துக்கு வரும்போது அவனுடைய முதுகு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. தோளில் கை வைத்தேன், பல் கிட்டுவது கையில் கேட்டது. “நிப்பாட்டு” என்றேன்.

வீதியோரம் நிறுத்தி, சேட்டையும் பெனியனையும் கழற்றச் சொன்னேன். வெறும் மேலில் என்னுடைய மழைக்கோட்டை மாட்டச் சொன்னேன். அது ஒரு மெல்லிய பிளாஸ்ரிக், மொத்தம் என்று சொல்ல எதுவுமில்லை. நான் முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஐந்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. ஓடிக்கொண்டே கேட்டான்: “சின்னம்மா, இவ்வளவு மெல்லிசு எப்பிடிக் குளிரை நிப்பாட்டினது?” காற்று நின்றது, ஈரம் போனது, உன் உடம்பு தன் சூட்டைத் தானே வைத்துக்கொண்டது என்று காதுக்குள் கத்திச் சொன்னேன். அதே சேட்டோடு இன்னும் நாற்பது பாகை குளிரான இடத்தில் ஒரு மணித்தியாலம் ஓடுவதை நினைத்துப் பார் என்றேன். பதில் சொல்லவில்லை. பஸ் நிலையம் வரும்வரை வேகத்தைக் குறைத்தே ஓடினான்.

ஆனால் அவனுக்கு விளங்கினது அக்காவுக்கு விளங்கின மாதிரி ஆகாது. அதற்குக் கொடிதான் உதவியது. அன்று நனைந்த உடுப்பு எல்லாவற்றையும் அக்கா தோய்த்து விறாந்தைக் கொடியில் போட்டார். அதே கொடியில் அவனுடைய பொலியெஸ்டர் பந்தடி ஜேர்சியும் ஈரமாகக் கிடந்தது. அடுத்தநாள் காலை மழைக்குணம் மாறவில்லை. அக்கா கொடியடியில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜேர்சியை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பெனியனைத் தொட்டார், விட்டார். திரும்ப ஜேர்சியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுப்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டு, “எடியே, மாரியில பெனியன் ரெண்டு நாளாயும் காயாது. இவன்ர ஜேர்சி விடியவே காஞ்சுபோச்சு. நீ சொன்னது இதைத்தானே?” என்றார். இதைத்தான் அக்கா, இதை மட்டும்தான் என்றேன். மாரி தோறும் இந்தக் கொடியோடு மல்லுக்கட்டினவர் அவர். எந்தத் துணி ஈரத்தை விடும், எது விடாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். அவருக்குத் தெரிந்ததில் இருந்து நான் தொடங்கியிருந்தால் விறாந்தைப் பேச்சுத் தேவைப்பட்டிராது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் காலையில் பெனியன் கட்டைப் பெட்டியில் இருந்து எடுத்தது அவருடைய கைதான். நாலை மட்டும் விட்டார், அறைக்குள் போட்டுப் படுக்க. அது சரியான முடிவு.

பெட்டிக்குள் போனதும் போகாததும்

தோலோடு ஒட்டுவதற்கு நீளக் கை, நீளக் கால் வைத்த மெல்லிய பொலியெஸ்டர் உள்ளுடுப்பு இரண்டு சோடி கொழும்பில் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினோம். மெரினோ கம்பளி அதைவிட நல்லது, மணக்காது, ஆனால் இங்கே தேடி அலையத் தேவையில்லை. அதற்கு மேலே ஃபிளீஸ் என்கிற, பஞ்சு மாதிரியான செயற்கைத் துணியில் சட்டை ஒன்று. இரண்டு மெல்லிய சட்டைக்கு நடுவே நிற்கிற காற்று ஒரு மொத்தச் சட்டையைவிட உதவும். அதோடு கிண்டவேண்டி வந்தால் ஒன்றைக் கழற்றி வியர்வையைக் குறைக்கலாம், வேலை முடிந்ததும் திரும்பப் போடலாம். கழற்ற முடியாத ஒற்றை மொத்த ஜக்கற்றில் அந்த வசதி இல்லை. வெளிக்கிடும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரி இருந்தால் உடுப்புச் சரி. வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் கூடிப்போச்சு.

மப்ளரில்தான் அக்காவுக்குக் கவலை. அம்மா பின்னினது அது. தொங்குகிற நுனி வண்டிக்குக் கீழே சுழல்கிற பட்டியில் அகப்பட்டால் கழுத்தை இழுத்துவிடும், அதனால் வண்டியில் மப்ளர் கூடாது என்பது அங்கே எல்லாரும் முதல் நாளே சொல்கிற விதி. மப்ளரை வகுப்புக்குப் போடட்டும் என்று முடிவானது. கழுத்துக்கு, பழைய ஃபிளீஸ் சட்டை ஒன்றின் கையை வெட்டி, தலைவழியே மாட்டுகிற குழாய் மாதிரி அக்கா தன் தையல் மெசினில் அடித்துக் கொடுத்தார். மூக்குவரை இழுத்துவிடலாம். கடையில் விற்பதைவிடப் பொருந்தி இருக்கிறது.

வெளிச்சட்டையும் நெஞ்சுவரை ஏறுகிற காற்சட்டையும் இங்கே வாங்கவே கூடாது. முதல் குளிர்காலத்துக்குக் கூட்டாளிகளிடம் இரவல் எடுக்கலாம், வாடகைக்கும் கிடைக்கும், பிறகு பழைய சாமான் கடையில் பார்க்கலாம். பார்க்கும்போது வண்டியில் இருக்கிற மாதிரிக் குந்தி, முன்னுக்குச் சாய்ந்து பார்க்கவேணும். நின்று பார்த்தால் எல்லாம் அளவாகத்தான் தெரியும். சப்பாத்தும் அப்படியே. உள்ளே கழற்றி எடுக்கிற கம்பளிச் செருகல் உள்ளதாக இருக்கவேணும், இரவில் எடுத்துக் காயவைக்கலாம். விரல் அசைய இடம் வேணும். குளிருமென்று இரண்டு மேஸ் போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் கெதியாக விறைக்கும்.

இன்னொரு விஷயத்தை அவனிடமும் அக்காவிடமும் சேர்த்தே சொன்னேன். சட்பரியைச் சுற்றி எங்கும் ஏரி. குளிர்காலத்தில் பாதைகள் ஏரிக்கு மேலாலும் போகும். ஸ்னோமொபைல் போவதற்குப் பனிக்கட்டி குறைந்தது 25 சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்கவேணும் என்கிறது கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம். கூட வருகிறவர் ‘போகலாம், பயமில்லை’ என்று சொல்வது அளவு அல்ல. மார்கழியிலும் பங்குனியிலும் ஏரியைச் சுற்றிக் கரையால் போ என்றேன். நீரில் மிதக்கவைக்கும் உடுப்பு அங்கே விற்கிறது, ஏரியைக் கடக்கிறவர் அதைத்தான் போடவேணும். கழுத்தில் தொங்கவிடுகிற இரண்டு கூர் ஆணிப் பிடிகளும் வேணும், விழுந்தால் பனியில் குத்தி ஏறுவதற்கு. மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்குவதற்கு, அடுத்த பத்து நிமிடம் கைகால் சொல்வழி கேட்கும், சுயநினைவு போக ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். அக்கா இதைக் கேட்டு, “அந்த ஒரு நிமிசத்தை நல்லா நினைவில வை” என்று மகனிடம் சொன்னார். பயப்படுவார் என்று நினைத்தேன், அவர் பாடமாக்கிக்கொண்டார்.

மிஞ்சினது கையுறை. வண்டியின் வேகத்தைக் கூட்டுவது வலது கைப் பெருவிரலால். மற்ற விரல்கள் பிடியைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்க, பெருவிரல் மட்டும் தனியே நீட்டி அமத்தியபடி இருக்கும், முதலில் விறைப்பதும் அதுதான். புது வண்டிகளில் பிடியையும் பெருவிரல் நெம்பையும் சூடாக்கும் வசதி உண்டு, ஆனால் பெடியள் இரவல் தருகிற பழைய வண்டியில் அது வேலைசெய்யும் என்று நம்பக்கூடாது. ஜக்கற் கைக்கு மேலால் ஏறி மூடுகிற நீளமான கையுறையாகப் பார், கடைக்கு ஹெல்மெற்றையும் கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன். கையுறை போட்டபடியே அதன் பட்டியைப் பூட்டி அவிழ்க்க முடிகிறதா, ஓடுகிறவர் விழுந்தால் வண்டியை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கொளுவியை ஜக்கற்றில் மாட்ட முடிகிறதா, பெருவிரல் முழுதாக மடிகிறதா என்று அங்கேயே செய்து பார்க்கவேணும். முடியாவிட்டால் அடுத்த சோடி.